சுண்டுவிரலின் விலை

செவ்வாய் இரவு பத்தரைக்கு
தாவி கேமராவை அணைத்துவிட்டுச் சப்பாத்தை மாட்டுவான்.
நாற்பது நிமிடச் செய்தி.
விடிவதற்குள் வீடு வீடாகப் போய்ச் சேரவேண்டும்,
எங்களைப் போல் காது கேளாதவர்களின் வீடுகளுக்கு.

என் பழைய செயலிக்குக் கோர்கள் நான்கு.
தார்த்து நகரத்து ஜனவரிப் பனியை
நான்கு பேர் தேநீர்க் கரண்டியால்
அள்ளுவது போல
ஃபிரேம் ஃபிரேமாக அது சுருக்கும்.
ஏழே கால் மணி நேரம்.
நடுவில் எழுந்து பார்ப்பேன்: நாற்பத்தோரு சதவீதம்.
இன்னொரு முறை எழுந்து பார்ப்பேன்:
நாற்பத்தோரு சதவீதம்.

கிராஃபிக்ஸ் கார்டிடம் கொடுத்தால் ஒன்பதே நிமிடம்.
கொடுத்தேன் ஒரு வாரம், சோம்பலில்.
வோருவிலிருந்து ஹெய்னோ எழுதினார்:
“மாரிகா, உன் விரலெல்லாம் இந்த வாரம் குழைந்த கஞ்சி.
மூடியிருப்பது பாலமா, மருந்துக்கடையா?
எதற்கு வம்பு என்று
இரண்டுக்கும் போகாமல் வீட்டிலேயே இருந்துவிட்டேன்.”

அவசரச் சுருக்கம் முதலில் தின்பது
அசைவதைத்தான்.
பின்சுவர் அப்படியே இருக்கும்.
என் சட்டைப் பொத்தானின் நான்கு துளையும் பளிச்சென்று.
கை மட்டும் கரைந்துவிடும்.
எங்கள் மொழியிலோ
அசைவதுதான் சொல்.
சுண்டுவிரல் மடங்கினால் ஒன்று,
நிமிர்ந்தால் வேறொன்று.

பிட்ரேட்டை ஏற்றிப் பார்த்தேன்.
விரல் வந்தது.
ஹெய்னோ வீட்டு இணையம் படுத்துவிட்டது.

ஆக, சுருக்குவது நிதானமாக நடக்கவேண்டும்;
நிதானம் சீக்கிரம் முடியவேண்டும்.
இதைக் கடைக்காரனிடம் எப்படிக் கேட்பது?

பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ராய்வோவின் கடை.
ரசீதுப் புத்தகத்தின் முதுகில் பேசிக்கொண்டோம்,
அவன் நீலம், நான் பென்சில்.
மதர்போர்டு? அதேதான், மாற்றமாட்டேன்.
பயாஸ் புதுப்பிக்கவேண்டும். சரி.
பன்னிரண்டு கோர், கைமாறியது, நூற்றுத் தொண்ணூறு யூரோ.
பதினாறு கோர், முந்நூற்றுப் பத்து.
விளையாட்டுக்கா?
இல்லை, விரலுக்கு.
அவன் பேனா சற்று நின்றது.
அப்படியானால் பதினாறு, என்று எழுதினான்,
அதைக் குளிர்விக்க நல்ல கூலர், இன்னொரு தொண்ணூற்றைந்து.

கையிருப்பு முந்நூற்று நாற்பது.
கழித்தேன். மறுபடி கழித்தேன்.
பென்சில் கூர் போய்விட்டது.
பன்னிரண்டே போதும் என்று எழுதப்போகும்போது
மூலையில் ஒன்றைப் பார்த்தேன்,
தூசி படிந்த இரும்பு முரடு,
ஏதோ சர்வரிலிருந்து கழற்றியது.

அது?
இருபத்தைந்து. யாரும் வாங்கமாட்டார்கள்.
வீட்டில் வைக்கவே முடியாது. குளிர்விக்கும், ஆனால்
சத்தம்!
இரண்டு முறை அடிக்கோடு.

நான் ஒன்றும் எழுதவில்லை.
அவனையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
அடிக்கோட்டைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்,
மெல்லச் சிவந்தது
முதலில் கழுத்து, அப்புறம்
அந்த இரண்டு நல்ல காதுகளும்.

மீதி ஐந்து யூரோவில் நாலரைக்கு வெப்பப் பசை.
அரிசி அளவு வைத்தால் போதும் என்று
விரல்நுனியில் காட்டினான், சரியாகவே காட்டினான்.

இப்போது ஒரு மணி ஐம்பது நிமிடம்.
மேசையில் உள்ளங்கையை வைத்துக் காத்திருக்கிறேன்:
பலகைக்குள் ஒரு கப்பல் நங்கூரம் எடுக்கிறது,
முழங்கை வரை ஏறுகிறது.
முடிந்ததும் பெரிதாக்கிப் பார்ப்பேன்.
பாலம் என்னும் சொல்லின் நடுவில்
சுண்டுவிரல், நகத்தோடு.

இரண்டாம் செவ்வாய், கதவிடுக்கில் ஒரு துண்டுத்தாள்.
கீழ்வீட்டு உர்வே:
“மன்னிக்கவும், உங்கள் வீட்டில்
விமானம் ஏதாவது இருக்கிறதா?”

அடியில் எழுதி அவள் கதவில் செருகிவிட்டு வந்தேன்:
“இருக்கிறது. வாரம் ஒருமுறைதான்.
ஒரு மணிக்குள் தரையிறங்கிவிடும்.”